தோலாயிரம் பாரின் மேல் பாஸ்கரா

"அவருகிட்ட சொல்லுங்க டீச்சர், கொஞ்சம் தண்ணிய எறைக்கச் சொல்லி."

பர்னபாஸ் இதைச் சொன்னபோது ரோச் அவருடைய முழங்கை இடிக்கும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். வள்ளத்தின் அடியில் தேங்கிய தண்ணீர் அவன் பாதத்தைத்தான் நனைத்துக்கொண்டிருந்தது. காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் அவன் கடலைப் பார்த்தபடி அசையாமல் இருந்தான். அருணாசலவடிவு அவன் பக்கம் திரும்பி, தண்ணீர் இறைக்க வேண்டுமாம் என்றாள். அதன் பிறகே அவன் தகரக் குவளையை எடுத்தான்.

முதல் பயணத்தில் அவளுக்கு இது விளங்கவில்லை. பாயை இறக்கச் சொல்லுங்கள் என்று பர்னபாஸ் சொன்னதற்கு, அதுதான் அவருக்கே கேட்டிருக்குமே என்று சிரித்துவிட்டுச் சும்மா இருந்தாள். பாய் இறங்கவில்லை. இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பக்கத்தில் நங்கூரத்தோடு உட்கார்ந்திருந்த பிச்சையாதான் இரக்கப்பட்டுச் சொன்னார். "நீங்க சொன்னாத்தாம்மா நடக்கும். நானும் ஒரு வாரம் சொல்லிப் பாத்தேன். தொண்டை போச்சு, விட்டுட்டேன்."

சண்டை ஒரு ஞானஸ்நானத்தில் தொடங்கியது. ரோச், பர்னபாஸின் தங்கை ஞானசௌந்தரியைக் கட்டியவன். மூத்த பிள்ளைக்குத் தாய்மாமன்தான் ஞானத் தகப்பனாக நிற்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். ரோச் என்ன செய்தான்? புதுத் துறைமுகத்தில் வேலை வாங்கித் தருகிறேன் என்ற ஒரு மேஸ்திரியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். மாதா கோயிலில் பிள்ளை தலையில் தண்ணீர் ஊற்றியபோது பர்னபாஸ் கடைசி வரிசையில் நின்று பார்த்தார். விருந்தில் கை நனைக்காமல் போனார். அன்றோடு பேச்சு நின்றது. அந்த வேலையும் இன்றுவரை வந்தபாடில்லை.

பேச்சு நின்றாலும் கயிறு நிற்கவில்லை. சங்கு குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை மேலே இருந்து பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு வரலாம், கூட்டாளி கண்ணயரலாம். தன் தங்கச்சி தனியாக நிற்பதை மட்டும் எவனும் விரும்ப மாட்டான். இதைக் கடற்கரையில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. வேறொருவன் கையில் கயிற்றைக் கொடுத்தால் குளியாள் இறங்க மாட்டான், அவ்வளவுதான். ஆகவே முகம் பார்க்காத இரண்டு பேரும் காலையில் ஒரே வள்ளத்தில் ஏறினார்கள். ஒருவன் தண்ணீருக்குள் போனால் மற்றவர் அவனுடைய உயிரைக் கையில் வைத்துக்கொண்டு மேலே இருந்தார். பிறகு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

வடிவு டீச்சர் இல்லை. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் நெல் வயல்களுக்கு நடுவே பிறந்து, பாளையங்கோட்டையில் பௌதிகம் படித்தவள். கடல் அவளுக்குப் புதிது. படித்த பொம்பளை என்றால் டீச்சர் என்று தூத்துக்குடியின் திரேஸ்புரம் கடற்கரை முடிவு செய்துவிட்டது. அவளும் திருத்துவதை விட்டுவிட்டாள்.

அவளுடைய வேலை பாஸ்கராவுக்குச் சாட்சி சொல்வது. அந்த 1979-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரஷ்யாவிலிருந்து ஏவிய நம்முடைய செயற்கைக்கோள் அது. பூமியைச் சுற்றிக்கொண்டே பூமியைப் பார்க்கிறது. முதல் நாள் ரோச் ஆவலாகக் கேட்டான், எந்தக் கிரகத்தைப் பார்க்கப் போயிருக்கிறது, செவ்வாயா வெள்ளியா என்று. இந்தக் கிரகத்தைத்தான் என்று அவள் கடலைக் காட்டினாள். அவன் முகம் விழுந்துவிட்டது. இதைப் பார்க்க அவ்வளவு உயரம் போவானேன், நாம் இங்கேதானே கிடக்கிறோம் என்றான்.

அவள் தன்னால் ஆனமட்டும் சொல்லிப் பார்த்தாள். கடல் தானாகவே மெல்லிய ரேடியோ அலைகளை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. நம் கண்ணுக்கும் காதுக்கும் அது எட்டாது. பாஸ்கராவில் உள்ள கருவி அதை மேகத்துக்கு மேலே இருந்தபடியே வாங்கிக்கொள்ளும். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, கடல் சும்மா கிடக்கிறதா கொதிக்கிறதா என்பதையெல்லாம் அதிலிருந்து கணக்கிடலாம். ஆனால் அது சொல்வது சரிதானா என்று யார் பார்ப்பது? அது தலைக்கு மேலே போகும் அதே நிமிடத்தில் ஒரு ஆள் கடலில் நின்று, காற்றையும் அலையையும் தண்ணீரின் சூட்டையும் அளக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மேலே இருந்து வருவதை நம்பலாம். அதற்குத்தான் இவர்களுடைய வள்ளத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள்.

பிச்சையா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "அம்புட்டு ஒசரத்துல குளிக்கப் போனவனுக்குக் கயிறு யாரு புடிக்கா?"

கயிறு கிடையாது, ரேடியோதான் என்றாள் வடிவு.

"அப்ப மச்சான் இல்லாத பய," என்று பிச்சையா முடித்துவிட்டார். பர்னபாஸ் சிரித்தார். ரோச்சும் சிரித்தான். ஒருவர் சிரிப்பதை மற்றவர் பார்த்ததும் இரண்டு சிரிப்பும் நின்றன.

அதெல்லாம் செப்டம்பரில். இப்போது நவம்பர் பாதி தாண்டிவிட்டது. வடிவின் கையில் இருந்த அளவுகள் எல்லாம் அமைதிக் கடலின் அளவுகள். பாஸ்கரா வரும் நாளெல்லாம் கடல் தூங்கியது. கடல் எழுந்த நாளில் அது வேறெங்கோ போயிருந்தது. கொந்தளிக்கும் கடலை அந்தக் கருவி எப்படிப் பார்க்கிறது என்பதற்கு ஒரு சாட்சிகூட இல்லை. புயலைப் பற்றி அது என்ன சொன்னாலும் நம்புவதற்கு ஆதாரம் இல்லை என்று அர்த்தம். மாத முடிவில் தூத்துக்குடி முகாமை மூடிவிடுவார்கள். கடற்கரைச் சாலையில் வாடகைக்கு எடுத்த மாடி அறையில் வயர்லெஸ்ஸோடு உட்கார்ந்திருந்த டாக்டர் சுந்தர்சிங், அவளுடைய மேலதிகாரி, இதைத் தினமும் இரண்டு முறையாவது சொல்லிப் பெருமூச்சு விடுவார்.

இன்றைக்குக் காலையில் வாடைக் காற்று கொஞ்சம் தூக்கலாக இருந்தது. பத்தே முக்காலுக்கு பாஸ்கரா வருகிறது. சுந்தர்சிங் பர்னபாஸிடம் கேட்டார். மழை சாயங்காலம்தான், அதற்குள் வந்துவிடலாம் என்றார் பர்னபாஸ். வடிவின் கையில் இருந்த காற்றழுத்தமானியும் அப்படித்தான் சொல்லியது. இரண்டும் தப்பு. கடலடிப் பாறைத் திட்டான தோலாயிரம் பாருக்கு வந்து நங்கூரம் போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே வடகிழக்கு கறுத்துவிட்டது.

கறுத்த திசையைப் பார்த்து வடிவு பாய்மரத்தை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அதே நேரம் உள்ளே ஏதோ ஒன்று துள்ளியது. மூன்று மாதமாகக் காத்திருந்த கடல் இதுதான்.

கையில் பிடிக்கும் வயர்லெஸ் பெட்டி பாய்மரத்தில் தொங்கியது. அதில் சுந்தர்சிங்கின் குரல் வந்தது. கரையிலேயே காற்று பலமாக இருக்கிறது, அங்கே நிற்க முடியாது என்று தோன்றினால் திரும்பிவிடு, முடிவு உன்னுடையது என்றார். இருக்கிறோம் சார் என்றாள். மிதவை எப்படி இருக்கிறது என்று அடுத்துக் கேட்டார். அப்போதுதான் அவள் பார்த்தாள். மிதவையைக் காணவில்லை.

அந்த மிதவையைப் போன வாரம்தான் பாரில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பாரிலிருந்து ஒரு சங்கிலி, சங்கிலியின் மேல் நுனியில் பீப்பாய் போன்ற மிதவை, அதன் உச்சியில் சிவப்புக் கொடி. அலை ஏறி இறங்குவதை மிதவைக்குள் இருந்த கருவி தானே எழுதிக்கொள்ளும். அலையின் உயரத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது வேறு, கருவி எழுதுவது வேறு. மிதவை இல்லாவிட்டால் இன்றைய அளவு அரை அளவுதான்.

ரோச்தான் கண்டுபிடித்தான். ஒரு பெரிய அலை இறங்கிய பள்ளத்தில் சிவப்புத் துணியின் நுனி தெரிந்து, மறுபடி முங்கியது. அறுந்து வந்த வலை ஏதோ சங்கிலியில் சுற்றி மிதவையைக் கீழே இழுத்து வைத்திருக்கிறது என்றான். எழுந்து சட்டையைக் கழற்றி, தலையில் கட்டியிருந்த லேஞ்சியை அவிழ்த்து அதில் சுருட்டி வைத்தான்.

"நான் எறங்கி அத்து விடுதேன் டீச்சர். அங்கன கேட்டுச் சொல்லுங்க."

அங்கே என்றால் வள்ளத்தின் பின்பக்கம். பர்னபாஸ் சுக்கானோடு மல்லுக்கு நின்றார். காற்று இப்போது ஒரே சீராக இரைந்தது. முன்பக்கம் பேசுவது பின்பக்கம் கேட்காது. இத்தனை நாள் ஒப்புக்குச் செய்துவந்த வேலை அவளுக்கு முதல்முறையாக உண்மையாகவே தேவைப்பட்டது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பலகை பலகையாகத் தவழ்ந்து போய் அவர் காதருகே சொன்னாள்.

பர்னபாஸ் யோசிக்கவே இல்லை.

"வேண்டாம். தண்ணி கலங்கிக் கெடக்கு, அடியில தன் கையே தனக்குத் தெரியாது. வல சுத்துன எடத்துல புத்தி உள்ளவன் எவனும் எறங்க மாட்டான். நான் வேண்டாம்னு சொன்னேன்னு சொல்லுங்க."

அவள் திரும்பித் தவழ்ந்தாள்.

பின்பக்கத்துக்கும் முன்பக்கத்துக்கும் நடுவே அதிக தூரம் இல்லை. ஆனால் அந்தத் தூரத்துக்குள் அவள் எல்லாவற்றையும் யோசித்துவிட்டாள். பர்னபாஸ் வேண்டாம் என்றால் ரோச் செய்வான். இதை அவள் மூன்று மாதமாகப் பார்த்துவருகிறாள். குளிக்கும் முன் சாப்பிடக் கூடாது என்று அவர் சொல்லி அனுப்பினார். அவருக்கு எதிரே உட்கார்ந்து நாலு இட்லி தின்றான். வடக்கே ஆழம் அதிகம் என்று சொல்லி அனுப்பினார். வடக்கேதான் குதித்தான். அண்ணாச்சி தாராளமாகப் போகச் சொல்கிறார் என்று இப்போது அவள் சொன்னால்? அவர் சொல்லி நான் போகணுமோ என்று சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அது பொய். பொய் சொன்னால் அவன் வள்ளத்தில் இருப்பான். உள்ளதை உள்ளபடி சொன்னால் தண்ணீருக்குள் போவான்.

சிவப்புத் துணி ஒருமுறை தெரிந்து மறைந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி வேண்டாம்னு சொல்லுதாரு," என்றாள்.

அவர் சொல்லச் சொன்னதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ரோச் சிரித்தான். "சொல்லுதாராக்கும்," என்றபடி கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டான். மறு நுனியைப் பின்பக்கமாக வீசினான். அது பர்னபாஸின் மடியில் விழுந்தது. அவர் அதையே பார்த்தார், பிறகு வடிவைப் பார்த்தார். சுக்கானை விட்டுவிட்டு, நடுப்பலகைக்கு வந்து காலை ஊன்றி, கயிற்றை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டார். பிடிக்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம் என்று வடிவு நினைத்தாள். அப்படி ஒரு வழி அவருக்கு இல்லை என்பது அவர் கையைப் பார்த்தபோதே தெரிந்தது.

ரோச், ஆளை அடிக்கு இழுத்துப்போகும் குளிகல்லில் கால் வைத்து இறங்கினான்.

முதல் முறை உடனே வந்துவிட்டான். வலைதான், பழைய நைலான் வலை, சங்கிலியில் திரித்துக் கிடக்கிறது, கத்தி வேண்டும் என்று தண்ணீரில் மிதந்தபடி கத்தினான். பிச்சையா தன் இடுப்புக் கத்தியை வடிவிடம் கொடுக்க, அவள் குனிந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் கண்கள் சிவந்திருந்தன. பல் தெரியச் சிரித்தான். மறுபடி முங்கினான்.

காற்று அதற்குள் இன்னும் ஏறிவிட்டது. பிச்சையாவால் நங்கூரத்தை விட்டு நகர முடியவில்லை. அலை தூக்கும்போதெல்லாம் நங்கூரக் கயிற்றைக் கொஞ்சம் விட்டு, இறங்கும்போது இழுத்து, வள்ளத்தின் முகம் திரும்பிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் திரும்பினால் வள்ளம் ரோச்சின் கயிற்றின் மேலேயே போய்ப் படுத்துவிடும். வடிவு ஒரு கையால் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு, மறு கையால் காற்றை அளக்கும் கருவியை உயர்த்திப் பிடித்தாள். அதன் சின்னக் கிண்ணங்கள் சுழன்று சுழன்று ஒரே வட்டமாகத் தெரிந்தன. இந்தக் கருவி இவ்வளவு வேகமாகச் சுற்றி அவள் பார்த்ததில்லை.

"வடிவு, ரெடியா?" என்றது பெட்டி. "வந்துக்கிட்டே இருக்கு."

அப்போது மிதவை மேலே வந்தது. அழுத்தி வைத்திருந்த கையை எடுத்தாற்போல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்து, ஆடி, நிமிர்ந்து நின்றது. சிவப்புக் கொடி காற்றில் படபடத்தது. வந்துட்டு சார், மிதவை வந்துட்டு என்று பொத்தானை அமுக்கிச் சொன்னாள். பிறகு பர்னபாஸைப் பார்த்தாள்.

அவர் கொடியைப் பார்க்கவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குளியாள் மேலே வருவதற்கு முன் கயிற்றை ஒருமுறை சுண்டுவான். மேலே இருப்பவன் இழுக்கத் தொடங்குவான். சுண்டல் வரவில்லை. பர்னபாஸ் தானாகவே மெல்ல இழுத்துப் பார்த்தார். கொஞ்சம் வந்தது, பிறகு நின்றது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். கயிறு விறைத்து வள்ளத்தின் விளிம்பில் கிரீச்சிட்டது, அவ்வளவுதான். ஆள் இழுபடும் கனம் அது இல்லை. பாறையைக் கட்டி இழுப்பதுபோல் இருந்தது.

தானும் பிடிக்கிறேன் என்று வடிவு கையை நீட்டினாள். தொடாதீங்க என்றார் பர்னபாஸ். கோபமாக இல்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார், கயிற்றின் வழியாக.

"அத்துவிட்ட வல அவன்மேலயே சுத்திட்டு," என்றார். "இழுத்தா இன்னும் இறுகும்."

பிச்சையா முன்பக்கமிருந்து என்ன என்று கத்தினார். பர்னபாஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். பிச்சையாவைப் பார்த்தார், அவர் கையில் நங்கூரக் கயிறு. வடிவைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். காது போய்க் குளிப்பதை விட்டு ஏழெட்டு வருடமாகிறது அவருக்கு. இரண்டாவது முறை ரத்தம் வந்தபோது, இனி இறங்கினால் மண்டைக்குள் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வள்ளத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"இங்க வாங்க டீச்சர்."

அவள் போனாள்.

"கையக் குடுங்க. ரெண்டு கையும்."

கருவியை அவள் கீழே போட்டாள். அவர் கயிற்றை அவளுடைய வலது மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளங்கைகளில் அழுத்தி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"இழுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். நான் சுண்டுவேன், அப்பம் இழுங்க. அதுவரைக்கும் ஆண்டவரே வந்து கேட்டாலும் கைய எடுக்காதீங்க. கேக்குதா?"

கேட்கிறது என்றாள். பாய்மரத்தடியில் செருகியிருந்த மீன் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கயிற்றை ஒட்டியே அவர் தண்ணீருக்குள் போனார். ஒரு பெரிய சத்தம்கூட எழவில்லை.

பின்னால் பெட்டி பேசியது. "வடிவு, மேல வந்தாச்சு. ரீடிங் எடு. காத்து, தண்ணி, எல்லாம். வடிவு, கேக்குதா?"

பேச வேண்டுமானால் பொத்தானை அமுக்க வேண்டும். கை இல்லை. காற்றளக்கும் கருவி பலகையில் உருண்டு உருண்டு வந்து அவள் கால் பெருவிரலில் முட்டி நின்றது. கிண்ணங்கள் இன்னும் சுற்றின. குனிந்து இடது கையை மட்டும் எடுத்தால் போதும். தூக்கி ஒரு தரம் பார்த்தால் போதும், முள் எங்கே நிற்கிறது என்று. கயிறு வலது மணிக்கட்டில் சுற்றித்தானே இருக்கிறது? பாஸ்கரா அவள் தலைக்கு மேலே, மேகத்துக்கு மேலே, இந்தக் கடலின் இந்தக் கொதிப்பைத்தான் இந்த நொடியில் வாங்கிக்கொண்டு போகிறது. மிதவை அலையை எழுதுகிறது. காற்றை எழுத ஆளில்லை.

"வடிவு, பாஸ்கரா தாண்டிப் போகப்போகுது. வடிவு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் கயிறு பேசியது. அலை தூக்கும்போது ஒரு இறுக்கம், இறங்கும்போது ஒரு தளர்ச்சி. அதற்கு நடுவில் வேறொன்று, நார் நாராக எதையோ அறுப்பதுபோல் ஒரு சின்ன அதிர்வு. அது வந்தது, நின்றது, மறுபடி வந்தது. பிறகு நெடுநேரம் வரவில்லை. தண்ணீருக்குள் இருக்கும் இரண்டு பேரில் எவருடைய மூச்சு முதலில் முடியும் என்று அவள் மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. அவள் அதை நிறுத்தினாள். பிச்சையா சத்தமாக மாதா மன்றாட்டு சொல்லிக்கொண்டிருந்தார், நங்கூரக் கயிற்றை விட்டு விட்டு இழுத்தபடியே.

கயிறு சுண்டியது.

அவள் இழுத்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்தது தெரிந்தது, வலி தெரியவில்லை. ஒரு முழம், இன்னொரு முழம், முதுகைப் பலகையில் சாய்த்துக்கொண்டு இன்னொன்று. இப்போது வருவது ஆள் கனம். முதலில் பர்னபாஸின் தலை தண்ணீருக்கு மேலே வந்தது. வாயைப் பிளந்து காற்றை விழுங்கினார். அவர் கைக்கிடையில் ரோச்சின் தலை தொங்கியது. பிச்சையா நங்கூரக் கயிற்றைக் கட்டையில் இறுக்கிக் கட்டிவிட்டு ஓடிவந்தார். மூன்று பேருமாக அவனைப் புரட்டி உள்ளே போட்டார்கள். காலிலும் தோளிலும் நைலான் வலை பச்சை நரம்புபோல் ஒட்டிக்கிடந்தது.

பர்னபாஸ் அவனைக் குப்புறப் போட்டு முதுகில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அமுக்கினார். அமுக்கினார், விட்டார், அமுக்கினார். அவர் இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் துடைக்கவில்லை. ரோச்சின் வாயிலிருந்து தண்ணீர் வந்தது. நுரை வந்தது. ஒன்றும் வராமல் போயிற்று. பர்னபாஸ் நிறுத்தவில்லை. ரோச்சின் விலா ஒரு தரம் துடித்தது. பிறகு ஒரு இருமல், எங்கோ பானைக்குள் இருமுவதுபோல். அதற்குப் பின்னால் அடுக்கடுக்காக இருமல்.

பிச்சையா பலகையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

வடிவு பாய்மரத்துக்குப் போய்ப் பெட்டியை எடுத்தாள். பொத்தானை அமுக்கியபோது உரிந்த கை எரிந்தது.

"ரீடிங் இல்ல சார்."

"என்ன? காத்து எவ்வளவு?"

"எடுக்கல. கையில கயிறு இருந்துச்சு."

அப்புறம் சுந்தர்சிங் கேட்டார், யாருக்கு என்ன ஆயிற்று என்று. ரோச் தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டதையும், மூச்சு வந்துவிட்டதையும் சொன்னாள். ஆஸ்பத்திரி வண்டியோடு திரேஸ்புரத்தில் நிற்கிறேன், வந்து சேருங்கள் என்றார். பாஸ்கராவைப் பற்றி அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நங்கூரத்தை இழுத்து, பாயை அரைவாசி ஏற்றிக் கரைப்பக்கம் திருப்பினார்கள். மழை வந்துவிட்டது. ரோச் வள்ளத்தின் அடியில் பழைய பாய்த்துணிமேல் கிடந்தான். கண் திறந்து திறந்து மூடினான். பர்னபாஸ் சுக்கானில் இருந்தார். வடிவு அவருக்குப் பக்கத்தில், உரிந்த கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு காது கேட்காததால் அவர் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசினார்.

"டீச்சர். நான் வேண்டாம்னு சொன்னா அவன் போவான்னு உங்களுக்குத் தெரியும்லா?"

நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன் அண்ணாச்சி என்ற பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு சொல்கூட மாற்றவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

"தெரியும்," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். ஒரு அலை பின்னாலிருந்து தூக்கியது. அதற்கு ஏற்றபடி சுக்கானைக் கொடுத்து, வள்ளம் இறங்கும்வரை காத்திருந்தார்.

"எனக்கும் தெரியும்," என்றார். "போகட்டும்னு ஒரு வார்த்த சொல்லிவிட்டிருந்தா எறங்கியிருக்க மாட்டான். அந்த வார்த்த வாயில வரமாட்டேன்னுட்டு."

அவள் மழையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொன்னால் தன் பொறுப்பு தீர்ந்தது என்று அவரும் நினைத்திருக்கிறார். கேட்டதைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் தன் பொறுப்பு தீர்ந்தது என்று அவளும் நினைத்திருக்கிறாள். நடுவில் ஒருவன் தண்ணீருக்குள் போயிருக்கிறான். ஞானசௌந்தரி இந்நேரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றாலும் நிற்பாள். அவளிடம் இதில் எதைச் சொல்வது, யார் சொல்வது?

ரோச் அனத்தினான். சாய்வாக அடித்த மழை அவன் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அவன் கையைத் தூக்கி மறைக்கப் பார்த்தான், கை பாதியிலேயே விழுந்தது.

பர்னபாஸ் குனிந்து பார்த்தார். வடிவு அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள," என்றார், "இந்தப் பக்கம் திரும்பிப் படு. மழ மூஞ்சில அடிக்கி."

ரோச் திரும்பிப் படுத்தான்.